ஷெட்டுக்குள் நுழையாத ராணுவ லாரி

ராணுவம் தனக்கு வேண்டாமென்று கழித்த லாரி ஒன்று, வெள்ள மீட்புக்காக எங்களுக்கு வந்தது. கும்மிடிப்பூண்டி பக்கம் நான் கிளார்க்காக வேலை பார்க்கும் அரசு அலுவலகத்துக்கு. உயரமான சக்கரங்கள், கேபின் ஓரமாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய். தண்ணீரில் போகும்போது இன்ஜின் அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கும் என்று, வண்டியைக் கொண்டுவந்த ராணுவ வீரர் சொன்னார். எங்கள் ஆட்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூஜை அமர்க்களமாக நடந்தது. பிறகுதான் வில்லங்கம். ஷெட்டின் தகரக் கூரையில் குழாய் இடித்தது. அரசு சொத்து வெளியில் கிடந்தால் ஆடிட்டில் கேள்வி வரும் என்று அதிகாரிக்குப் பயம். வெள்ளத்தில் இறங்க வந்த வண்டி மழையில் நனையக் கூடாதாம்! கூரையை உயர்த்த வேண்டுமென்றால் எஸ்டிமேட், அனுமதி என்று இழுத்தடிக்கும். அதனால் வெல்டரைக் கூப்பிட்டார்கள். வீரர் சொன்னதை நான் நினைவுபடுத்தினேன்.

“வெள்ளம் வந்தா பாத்துக்கலாம் மேடம்” என்றார் அதிகாரி. குழாயை அறுத்துவிட்டார்கள்.

வெள்ளம் வந்தது. பெரியபாளையத்துக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்கு அன்றைக்கென்று பிரசவ வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. அந்த லாரியில்தான் போய் அவளை ஏற்றினோம். திரும்பும்போது தரைப்பாலத்தின் நடுவில் தண்ணீர் கூடிவிட்டது. இன்ஜின் இருமி இருமி நின்றது.

“அக்கா, வண்டி இன்னாத்துக்கு நின்னுச்சி?” என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். டிராக்டர் வந்து இழுப்பதற்குள் லாரியிலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை வெகுநேரம் அழவில்லை.

இன்ஜினைச் சரிசெய்து, புது பெயிண்ட் அடித்து, போன வாரம் அதே லாரியை வேறொரு துறைக்குக் கொடுத்தோம். மறுபடியும் மாலை, மறுபடியும் பூஜை. வாங்க வந்த டிரைவர் ஆசையாகச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தேன்.

“அண்ணே, இத்த தண்ணில எறக்காதீங்க. காத்து இழுக்கற கொழாய அறுத்துட்டுக்கிறாங்க.”

அதிகாரி முறைத்தார். நல்ல காரியம் நடக்கும்போது இப்படியா பேசுவது என்று கூட வேலை பார்ப்பவர்கள் கடிந்துகொண்டார்கள். பேசட்டும். அந்தக் குழந்தை பிறந்து எட்டு மாதமாகிறது. இன்னும் தலை நிற்கவில்லை.