கடையில் வாங்கிய நிறம்

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் ஒரு பல்வைத்தியரிடம் பயிற்சி வேலைக்கு நேர்முகத் தேர்வு. "முகப்பூச்சு உன்ர நிறத்தைவிட வெள்ளையாப் பார்த்து வாங்கிப் பூசு, பிள்ளை" என்று அம்மா சொன்னதைக் கேட்டது என் பிழைதான். அங்கே கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்தால், முகம் மாவு அப்பியதுபோல. கழுத்து மட்டும் என் நிறத்தில். துடைக்கத் துடைக்கத் திட்டுத்திட்டானது.

அதே தேர்வுக்கு வந்த அயர்லாந்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தோலை மாநிறமாக்கும் மலிவான கிறீம் அவளைச் செம்மஞ்சளாக்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஈரத்தாள் எடுத்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"இந்த நிறத்தையோ மறைச்சனீர்?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். வெறும் முகத்தோடுதான் உள்ளே போனேன்.

இன்றும் கண்ணாடி முன் தயங்கும்போது அந்தக் கைகள் நினைவுக்கு வரும். நான் மறைக்கப் பார்த்த நிறத்தை அவள் கடையில் வாங்கியிருந்தாள்.