ஸ்டேஷனில் இருக்கும் துப்பாக்கி

நஞ்சுண்டசாமியிடம் தேர்தல் என்று யாரும் வாயெடுக்கக் கூடாது. எடுத்தால் கையில் இருக்கும் காபி ஆறிப்போகிற வரைக்கும் கேட்க வேண்டும். சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம் கௌதள்ளி, தமிழ் பேசும் எல்லையோர ஊர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, மைசூரில் ஒரு நகைக்கடை வாசலில் சொந்த இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவல் நிற்கிறார். தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிடும்.

"கள்ளத் துப்பாக்கி வெச்சிருக்கறவன் சொகமாச் சுத்தறான். லைசன்ஸ் வாங்குன இளிச்சவாயன்கிட்டத்தான் கவர்மென்ட்டு கைய நீட்டுது. இன்னிக்குத் துப்பாக்கி, நாளைக்கு வூட்டுச் சாவியக் கேப்பானுங்க!"

இந்தத் தடவையும் கத்திவிட்டுத்தான் ஒப்படைத்தார். கடை வாசலில் லத்தியோடு நின்றார். தேர்தல் முடிகிற வரைக்கும்தான் பொறுப்பேன், துப்பாக்கி இல்லாத காவலாள் எனக்கு எதற்கு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அதற்குள் வீட்டில் வேறொன்று நடந்தது. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலையில் இருந்த மகன் தருண்குமாரை ஆள்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். பையன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். அம்மா சாமியாத்தாள் வைத்த சோறு வைத்தபடியே காய்ந்தது. நாலு நாள் போனால் தெளிவான் என்றுதான் நஞ்சுண்டசாமி நினைத்தார். ஒரு காலையில் அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடியே அவன் கேட்டான்.

"அப்பா, துப்பாக்கி எப்பங்க வரும்?"

"ஏஞ்சாமி?"

"சும்மாதானுங்க."

வேலைக்குப் போய்வருகிற பிள்ளை கேட்டிருந்தால் சும்மாதான். இவன் கேட்டதும் அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அவன் முதுகையே பார்த்தார். அதன்பின் அவன் குளிக்கப் போய்க் கொஞ்சம் தாமதமானாலும் கதவைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம்.

தேர்தல் முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, போகவில்லை. மறுபடியும் வந்தது. முதலாளியும் நெருக்கினார். வேறு வழியில்லாமல் போனார்.

ஏட்டம்மா மாதேவியும் அதே ஹனூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் பேசுவார். "ஏனுங்ணா, எப்பவும் மொத ஆளா வந்து சண்டை போடுவீங்களே? எல்லாரும் வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"இங்கயே இருக்கட்டும் அம்மிணி."

"தேர்தல் முடிஞ்சப்புறம் உங்க பொருள வெச்சுக்க எங்களுக்கு அதிகாரமில்லீங்ணா."

"அன்னிக்கு நான் வேண்டாங்க வேண்டாங்கப் புடுங்குனீங்களே! இன்னிக்கு நானே சொல்றேன், வெச்சுக்கங்க." குரலைத் தாழ்த்தினார். "வூட்டுல பையனுக்கு மனசு செரியில்ல அம்மிணி."

அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். மாதேவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். லைசன்ஸே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் துப்பாக்கியை ஸ்டேஷனிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது என்றார். "ஆனா உங்க வேலை?"

நஞ்சுண்டசாமி பேனாவைக் கேட்டார்.

வெறுங்கையோடு வீடு திரும்பியவரை மகன் திரும்பிப் பார்த்தான். "வாங்கிட்டு வரலீங்களா?"

"இல்ல சாமி. இனித் தர மாட்டாங்க. கவர்மென்ட்டே வெச்சுக்கிச்சு."

இப்போது திட்ட ஆரம்பிப்பார் என்று சாமியாத்தாள் அடுப்படியில் காத்திருந்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தருண்குமார் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"நல்லதுங்கப்பா," என்றான். "எனக்குப் பயமா இருந்துச்சுங்க."

அவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு டாக்டரப் பாக்கப் போலாஞ்சாமி. நானும் வர்றேன். எனக்குந்தான் இனிக் கடைக்குப் போற வேலையில்லையே."