பொய்ச் சண்டைக்கு நடுவர்

மல்யுத்தக் காட்சிகளில் நடுவராக நிற்பவருடைய முதல் கடமை, மண்டபம் முழுவதும் பார்த்த கள்ள வேலையை அவர் மட்டும் பார்க்காமல் இருப்பது. அலுவலகத்தில் மேலாளர் செய்வதைக் காணாதவர் போல இருந்து பழகிய உங்களுக்கு இந்தக் கஷ்டத்தை நான் விளக்கத் தேவையில்லை. வார நாட்களில் நான், புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தின் மல்கிரேவ் புறநகரில், காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை செய்கிறவன். வார இறுதிகளில், கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டையோடு, யார் வெல்வார் என்று ஏற்கெனவே முடிவான சண்டைகளில் மூன்று வரை எண்ணுகிறவன்.

தகுதி

உடம்பைக் குறைக்க வேண்டும் என்றுதான் ஒரு மல்யுத்தப் பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். முதல் நாளே ஒருவர் என்னைத் தூக்கிப் போட்டார். அவர் மெதுவாகத்தான் போட்டாராம். இரண்டு கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல், காரைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் மனைவியைக் கூப்பிட்டேன்.

கூடத்தை நடத்துகிற கிரெக் முன்னாள் மல்யுத்த வீரர்; பலமுறை உடைந்து ஒட்டிய மூக்கு அவருக்கு. இனி நீ நடுவர் என்று அவர் சொன்னபோது, என்னிடம் அப்படி என்ன திறமையைக் கண்டீர்கள் என்று ஆசையோடு கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "உன் முகத்தைப் பார்த்தவர்கள் உடனே மறந்துவிடுவார்கள். நடுவருக்கு இதைவிட என்ன வேண்டும்?"

சறோ அன்ரி

ஊரில் போருக்குள் இருந்து வந்து இப்போது பக்கத்து ரோவிலில் இருக்கும் சறோ அன்ரி, பொழுது போகவில்லை என்று ஒருமுறை வந்தவர்; பிறகு ஒரு காட்சியையும் விட்டதில்லை. முன் வரிசைக் கதிரை அவருக்கு. நல்லவனை ரசிப்பதைவிடக் கெட்டவனைத் திட்டுவதில்தான் அவருக்கு விருப்பம் அதிகம்.

ஒருநாள் கெட்டவன் இரும்புக் கதிரையால் நல்லவனின் முதுகில் அடித்தான். அந்த நேரம் பார்த்து நான் மறுபக்கம் திரும்பி, மேடையைச் சுற்றிய கயிற்றின் மேல் ஏறிய அவனுடைய கூட்டாளியோடு வாக்குவாதப்பட வேண்டும். அது எனக்குத் தரப்பட்ட வேலை. அடுத்த நாள் கோயிலில் அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார். அதெல்லாம் முதலே பேசி வைத்தது அன்ரி என்றேன். அவர் சிரிக்கவில்லை. அர்ச்சனைத் தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "அதுதான் தம்பி எனக்கு ஆத்திரம். எங்கட பக்கம் அடி விழேக்க, நடுவில நிக்கிறவை எப்பவும் மற்றப் பக்கம்தானே பாத்துக்கொண்டு நிண்டவை."

வில்லன்

கார்த்திக் கோயம்புத்தூர்ப் பையன். பொயிண்ட் குக்கில் வாடகை வீடு, மென்பொருள் வேலை. எங்கள் கூட்டத்தில் அவனைப்போல் அழகாக விழத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவனை வில்லனாக்க விரும்பிய கிரெக், ஒரு தலைப்பாகையும் மகுடியும் வாங்கி வந்தார். கார்த்திக் இரண்டையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். கெட்டவனாக வருகிறேன், வெளிநாட்டுக்காரனாக வரமாட்டேன் என்றான்.

அடுத்த காட்சிக்கு இறுக்கமான நீலக் கோட்டும் கூரான சப்பாத்துமாக, வீட்டு ஏஜென்ட் வேடத்தில் வந்தான். மைக்கைப் பிடித்து, "அடுத்த மாதத்திலிருந்து உங்கள் எல்லாருக்கும் வாடகை கூடுகிறது" என்று மட்டும் அறிவித்தான். மண்டபம் எழுந்து நின்று கூச்சல் போட்டது. குழந்தையைத் தோளில் வைத்திருந்த தகப்பன்கூட ஒரு கையால் செருப்பைக் கழற்றினான். சண்டை முடிந்து உடை மாற்றும் அறைக்குள் வந்த கார்த்திக்குக்கு வியர்வையும் சிரிப்புமாக முகம் மின்னியது. "இந்த ஊருக்கு வந்து இப்பதாண்ணா, நான் சொன்னது எல்லாருக்கும் மொதல் தடவையே புரிஞ்சிருக்கு."

சாம்பியன் சண்டை

அந்த வருடத்தின் பெரிய காட்சியை, கட்டணம் கட்டினால் வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கலாம் என்று கிரெக் ஏற்பாடு செய்தார். ஞாயிறு பிற்பகல் காட்சி. கடைசிச் சண்டையில் சாம்பியன் ஜேக்கைத் தோற்கடித்துக் கார்த்திக் பட்டம் வெல்வதாகத் திட்டம். ஜேக் வார நாட்களில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். மிகவும் கவனமான ஆள். கோயம்புத்தூரில் கார்த்திக்கின் அம்மா காலையிலேயே சொந்தக்காரர்களை எல்லாம் டிவிக்கு முன்னால் உட்கார்த்தி வைத்திருந்தாராம்.

எங்கள் தொழிலில் உண்மையான காரியம் ஒன்று உண்டு. விழுந்தவரின் கையைப் பிடித்து நடுவர் அழுத்துவார். அவர் திருப்பி அழுத்தினால் சுகமாக இருக்கிறார், சண்டை தொடரலாம். அன்று ஜேக் தூக்கிப் போட்டபோது கார்த்திக்கின் வியர்த்த உடம்பு அவருடைய பிடியிலிருந்து வழுக்கியது. முதுகு படவேண்டிய இடத்தில் கழுத்துப் பட்டது. கிட்ட முழங்காலில் இருந்து கையைப் பிடித்தேன். "கார்த்திக், என்ர கையை அழுத்தும்" என்றேன். அந்தக் கை என் கைக்குள் சும்மா கிடந்தது.

"அழுத்துறேன்ல" என்றான்.

காதில் இருந்த கருவியில் கிரெக், கொஞ்சம் நேரம் கொடு, எழும்பிவிடுவான் என்றார். கார்த்திக்கின் கண் என்னை விட்டு அகலவில்லை. "நிறுத்திராதீங்கண்ணா. அம்மா பாத்துட்டு இருக்காங்க." இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கினேன். இது நடிப்பில்லை, ஆள் உண்மையிலேயே காயப்பட்டிருக்கிறார் என்பதற்கு எங்களுக்குள் இருக்கும் சைகை அது. ஜேக் உடனே தன் பாத்திரத்தை மறந்து மண்டியிட்டு, கார்த்திக்கின் தலை அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சனம் அதையும் சண்டையின் பகுதி என்று நினைத்துக் கூவியது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது பின் வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். "அடேயப்பா, என்ன நடிப்பு!"

கோபம்

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கார்த்திக்கின் விரல்களுக்கு உணர்வு திரும்பத் தொடங்கியிருந்தது. கழுத்தெலும்பில் வெடிப்பு, அந்த நிலையில் இன்னொரு முறை விழுந்திருந்தால் நடை போயிருக்கும் என்றார் டாக்டர். இனி மல்யுத்தம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பட்டம் ஜேக்கிடமே இருந்தது. அதற்குரிய பட்டியை அவர் நெடுநாள் இடுப்பில் கட்டவில்லை, தோளில் போட்டுக்கொண்டுதான் வருவார்.

கார்த்திக் என்னோடு பேசவில்லை. நான் அனுப்பிய குறுஞ்செய்திகளைப் பார்த்தான், பதில் போடவில்லை. நான் செய்தது சரிதான் என்று தெரிந்திருந்தும், அந்த மௌனம் என்னை வாட்டியது. கழுத்துப் பட்டையைக் கழற்றிய பிறகு ஒருநாள் மண்டபத்துக்கு வந்தான். இப்போது அங்கே மைக்கில் வர்ணனை செய்கிறான். வாடகை கூடுகிறது என்ற அந்த அறிவிப்பை மட்டும் விடவில்லை. அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னும் கோவமோ?" என்று கேட்டேன்.

"இருக்குண்ணா. இன்னும் ரெண்டு நிமிஷம், நான் சாம்பியன். நீங்க செஞ்சது சரின்னு தெரியும், ஆனா கோவம் போகல. போகவும் வேண்டாம். அத வெச்சுத்தான் எந்திரிச்சு நடந்தேன்."

மல்யுத்தத்தில் எல்லாம் முதலே பேசி வைத்ததுதானே என்று கேட்கிறவர்களிடம் நான் இப்போது வாதாடுவதில்லை, ஓம், நாங்கள் பேசி வைப்பது உண்மைதான், ஆனால் விழுகிற உடம்பு சிலவேளை அந்தப் பேச்சைக் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டு கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மேடைக்குப் போய்விடுகிறேன்.