ஒரு ‘இல்லை’யால் போன வேலை

ஒஸ்லோவில் லிப்ட் திருத்தும் கம்பெனியொன்றில் நான் வேலையாட்களுக்குப் பொறுப்பான போர்மனாக இருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், பாதுகாப்புத் துறைக் கட்டடமொன்றின் லிப்டுகள் எங்கள் பொறுப்புக்கு வந்தன. அங்கே வேலை செய்ய, ஆளின் பின்னணியை விசாரித்துக் கொடுக்கும் செக்கியூரிட்டி கிளியரன்ஸ் வேண்டும். நான் சுதனின் பெயரைக் கொடுத்தேன். நகரின் புறத்தே ஹவுகெட்டோவில் வளர்ந்த தமிழ்ப் பெடியன். பிரேக் தேய்ந்திருப்பதைச் சத்தத்திலேயே பிடித்துவிடுவான். எனக்குப் பிறகு போர்மன் அவன்தான் என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தேன்.

நேர்முகத்துக்கு முதல் அவனிடம் ஒன்றுதான் சொன்னேன். "தம்பி, என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லு." நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினான்.

சில கிழமைகளில் மறுப்பு வந்தது. மெஷின் ரூமில் வைத்து விசாரித்தேன். கஞ்சா பாவித்ததுண்டா என்று கேட்டார்களாம். இல்லை என்றானாம். பள்ளிக்கூடக் காலத்தில் கூட்டாளிகளோடு புகைத்துப் பொலிஸில் அகப்பட்டிருக்கிறான். எச்சரித்து அனுப்பியதால் பதிவில் இராது என்று நினைத்துவிட்டான். அவர்களிடம் எல்லாம் இருந்தது. யோசித்துச் சொல்லும்படி மறுபடி கேட்டிருக்கிறார்கள். மறுபடியும் இல்லை என்றிருக்கிறான்.

"அதை விட்டுக் கனகாலம், அண்ணை. அப்பாதான் சொல்ல வேண்டாம் எண்டவர்."

பழைய கஞ்சாவை மன்னித்திருப்பார்களாம். கேட்ட இரண்டு முறையும் பொய் சொன்னவனை நம்பமுடியாது என்பதுதான் காரணம். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தகப்பனைக் கண்டால் நாலு வார்த்தை கேட்பதென்று இருந்தேன்.

அடுத்த நாள் அவரே எங்கள் வேர்க்ஷொப்புக்கு வந்தார். பஸ் ஓட்டுபவர், யூனிபோர்மைக்கூடக் கழற்றவில்லை. ஊரில் சண்டைக் காலத்தில், சென்றியில் மறித்து ஆமி கேட்ட எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லித்தான் அவர் உயிரோடு வந்தவர். அது எனக்கும் தெரிந்ததுதான். அவர் இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

"தம்பி, நான் போய் உள்ளதைச் சொல்லுறன். பொய் என்ரைதானே. அவனை எடுப்பினமோ?"

"இல்லை, அண்ணை. அவை கேட்டது அவனை."

சுதன் ட்வெய்ட்டாப் பக்கத்து மாடிக் குடியிருப்புகளின் லிப்டுகளைத் திருத்துவதோடு நின்றுவிட்டான். நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, நம் தமிழ்ப் பிள்ளைகள் யாரையும் கிளியரன்ஸுக்கு அனுப்புமுன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதை முதலில் தாய் தகப்பனுக்குத்தான் சொன்னேன்.