டாக்டர் போடாத கையெழுத்து

எனக்கு நடந்ததை நம் ஜமாஅத்துச் சகோதரர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் டிரைவர். லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டியிருந்தது. கண் நன்றாகத் தெரிந்தது, காதும் கேட்டது. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்ததும் டாக்டரின் முகம் மாறியது. மறுபடி அடித்துப் பார்த்தார்.

"பிரஷர் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு பாய். இதோட பஸ் ஓட்டக் கூடாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எனக்கு உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று கெஞ்சினேன். மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைத்துக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னார். என் வண்டியை வேறொருவர் எடுத்தார்.

அந்த மாதம் முழுக்க ஒரே துஆதான். யா அல்லாஹ், பிரஷரைக் குறைத்துவிடு. மறுபடி போனேன். பட்டை இறுக இறுக நெஞ்சு அடித்துக்கொண்டது. குறையவில்லை. ஸ்டியரிங்கைத் தவிர வேறு தொழில் தெரியாதவன் நான். ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு புரோக்கர் பிடித்துக்கொண்டான். "இதுக்குப் போயி அழுவுறீங்களா பாய்? வேற டாக்டர் இருக்காரு. பட்டையே கட்ட மாட்டாரு. வெள்ளிக்கிழமை நீங்க வண்டி எடுத்துடலாம்."

சரி என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். என் மனைவி நூர்ஜஹான் எல்லாவற்றையும் கேட்டாள். "குறைச்சுக் குடு, குறைச்சுக் குடுன்னே அடம் புடிக்கிறீங்க. எது நல்லதோ அதக் குடுன்னு ஒரு வாட்டி கேளுங்களேன்" என்றாள்.

வழிகாட்டும்படி இஸ்திகாரா தொழுதேன். எழுந்தபோது மனம் புரோக்கரை விட்டு விலகியிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பயம் மட்டும் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கிளாஸ் நழுவி விழுந்தது. எடுக்கப் போனேன், வலது கை வரவில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன், நாக்கு குழறியது. நூர்ஜஹான் அலறினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜட்காவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்.

"இப்ப நீங்க வண்டியில இருந்திருந்தா, பாய்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நேரத்தில் என் பஸ் ஏரிக்கரை வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும். உள்ளே மூச்சு விட இடமிருக்காது. படியில் காலேஜ் பிள்ளைகள் தொங்குவார்கள். நான் கேட்டதைக் கொடுக்காமல் எத்தனை உயிரைக் காத்தான் என் ரப்பு, என்னைப் படைத்தவன்!

கை மெல்ல மெல்லத் திரும்பியது. மறுபடி இரண்டு கையையும் ஏந்தி முதன்முதலாக துஆ கேட்ட அன்று எனக்கு அழுகைதான் வந்தது. பஸ் முதலாளி, வண்டிகள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பர் வேலை கொடுத்தார். மாத்திரையை ஒரு வேளையும் விடுவதில்லை. அந்த டாக்டருக்காக துஆ செய்யாத நாளும் இல்லை.

டிரைவர் சகோதரர்களே, ஓட்டாதே என்று டாக்டர் சொன்னால் குறுக்கு வழி தேடாதீர்கள். கேட்டது கிடைக்காத நாளிலும் ஏந்திய கையை இறக்காதீர்கள். அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.