மூன்றாம் தொட்டிக்கு இரண்டு கிராம்

கடலோரத்து மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளைத் தராசக்கா என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. பதினெட்டு வருடமாக மீன்குஞ்சுகளை அளந்து நிறுப்பதுதான் வேலை. மயக்க மருந்து கலந்த தண்ணீரில் குஞ்சை விட்டு, அது அசந்ததும் ஈரத்துணியில் ஒற்றி, பலகையில் நீளம் பார்த்து, தராசில் வைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அவள் கையில் ஒரு குஞ்சு செத்ததாகச் சரித்திரம் இல்லை.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. உப்பைக்கூடக் கண்ணளவாகப் போட மாட்டாள். அவள் கணவர் அதே கூடத்தில் வேன் ஓட்டுகிறவர். இருக்கையில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் அவருக்குச் சாலை தெரியும். இவளுக்குக் கோபம் வந்தாலும் நிறுத்துத்தான் வரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

அந்த வருடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். கடலுக்கும் பஞ்சகாலம் உண்டு என்று அந்தப் பெண் சொன்னாள். தண்ணீர் குளிர்ந்தால் குஞ்சுகள் தின்னும் சின்ன உயிர்கள் குறைந்துபோகும். குஞ்சுகளின் நீளம் அப்படியே இருக்க, சதை மட்டும் வற்றும். பிறகு தண்ணீர் வெதுவெதுப்பாகி இரை திரும்பும்போது அந்தக் குஞ்சுகள் தேறுமா, தேறாதா? அதுதான் அவளுடைய கேள்வி. அதற்காக மூன்று தொட்டி வைத்தாள். முதல் தொட்டிக்குத் தினம் பன்னிரண்டு கிராம் இரை. இரண்டாவதற்கு அதில் பாதி. மூன்றாவதற்கு மூன்றே கிராம், மூன்று வாரத்துக்கு. அதன்பின் எல்லாத் தொட்டிக்கும் முழு இரை. காலையில் போடும் பொறுப்பு அக்காவுக்கு.

நாலு நாளுக்குமேல் தாங்கவில்லை அக்காவால். இவள் நிழல் விழுந்தாலே மூன்றாம் தொட்டிக் குஞ்சுகள் அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். முதல் தொட்டி மீன்களோ, வந்தால் வா, போனால் போ என்று கிடக்கும். ஐந்தாம் நாள் மதியம், தான் சாப்பிட்டு முடித்த கையோடு, யாரும் பார்க்காமல் மூன்றாம் தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் போட்டாள். மறுநாளும் போட்டாள். திருட்டுக் கை நிற்குமா?

அதற்கு ஒரு காரணம் இருந்தது. மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது, அவளும் கணவரும் வேலை பார்த்த மீன் பதனிடும் ஆலையை மூன்று மாதம் மூடிவிட்டார்கள். பாலுக்குத் தண்ணீர் கலந்து, ரொட்டியை நாலாக வெட்டி ஓட்டிய மாதங்கள் அவை. மகள் இப்போது படித்து வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள், நன்றாகவும் இருக்கிறாள். ஆனால் ஆள் குள்ளம். அவள் விடுமுறைக்கு வந்து மேல் அலமாரிக்கு எக்கும்போதெல்லாம் தாய் ஓடிப்போய்த் தானே எடுத்துக் கொடுப்பாள். அந்த மூன்று மாதம்தான் பிள்ளையை அமுக்கிவிட்டது என்று நினைப்பாள். ஒருவரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் வார எடையில் மூன்றாம் தொட்டி இறங்க வேண்டிய அளவில் பாதிகூட இறங்கவில்லை. மேற்பார்வை பார்க்கும் பேராசிரியர், நிறுக்காமலே எண் எழுதினாயா என்று எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டார். மறுநாளுக்குள் விளக்கம் தராவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். மோட்டார் அறைக்குப் பின்னால் அவள் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்ததை அக்கா பார்த்தாள். வேலையே போனாலும் போகட்டும் என்று பக்கத்தில் போய் நின்றாள்.

"நான்தான்மா போட்டேன். மூணாம் தொட்டிக்கு. உனக்குத் தெரியாம."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரக்கூட அவளுக்கு நேரம் பிடித்தது.

"எவ்வளவு போட்டீங்கக்கா?"

"ரெண்டு கிராம். தெனமும் மத்தியானம், அஞ்சாம் நாள்லேர்ந்து. தராசுல வச்சுதான் போட்டேன்."

திருடிப் போட்ட இரையையும் நிறுத்துப் போட்ட ஆளை உலகத்தில் வேறெங்கே பார்ப்பது? மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இருவரும் சேர்ந்து பேராசிரியர் முன் நின்றார்கள். அளவு தெரிந்ததால் அந்தத் தொட்டி வீணாகவில்லை. ஐந்து கிராம் தின்ற தொட்டி என்று எழுதிக்கொண்டார்கள். அக்காவுக்கு நல்ல வசவு விழுந்தது. புதுக் குஞ்சுகள் கொண்டுவந்து நாலாவதாக ஒரு தொட்டி வைக்கச் சொன்னார்: மூன்று கிராம், ஒரு துகள் கூடாமல்.

அதற்கும் தானே போடுகிறேன் என்று அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்று வாரம் மூன்றே கிராம் போட்டாள். போட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள். அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டில் பாதியை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். குஞ்சுகளுக்குத் தலை பெருத்து உடம்பு ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டாம் நாள் பன்னிரண்டு கிராமைக் கொட்டியபோது தண்ணீர் தெறித்து அவள் முகமெல்லாம் நனைந்தது. அது மட்டும்தான் நனைத்தது என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த மூன்று வாரம் கழித்து அவளே அளந்தாள், அவளே நிறுத்தாள். அந்தப் பெண் கணக்குப் போட்டுச் சொன்னாள்:

"நீளம் கொஞ்சம் கம்மிதான்க்கா. ஆனா அந்த நீளத்துக்கு உடம்பு முதல் தொட்டி மாதிரியே இருக்கு. தேறிடுச்சு."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளுக்குப் போன் போட்டாள். தொட்டியில் தொடங்கி, மூடிய ஆலை, தண்ணீர்ப் பால், மேல் அலமாரி என்று இத்தனை வருடம் மென்று விழுங்கியதையெல்லாம் சொல்லி முடித்தாள். நீ குள்ளமாகப் போனது என்னால்தான் என்றும் சொன்னாள்.

"அம்மா," என்றாள் மகள். "கொஞ்சம் திரும்பி அப்பாவப் பாரு."

திரும்பினாள். சர்க்கரை டப்பாவை எடுப்பதற்காக, முக்காலியின் மேல் ஏறி, அதன்மேலும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார் கணவர். கடல் குஞ்சையெல்லாம் அளந்தவள், அந்த மனிதரை மட்டும் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.