மஞ்சள் தானே

நேற்று கொழும்புக் காலி வீதியில் மஞ்சள் விளக்கு விழுந்ததும் நான் வான் வண்டியை நிறுத்தினேன். பின்னால் ஒரே ஹோர்ன். நீங்கள் இரண்டு பேரும், "ஐயோ அப்பா, மஞ்சள் தானே, போங்கோவன்" என்றீர்கள். அதற்கு நான் வெள்ளவத்தை வரும்வரை சத்தம் போட்டுக்கொண்டே வந்தேன். ஏன் கத்தினேன் என்று வாயால் சொன்னால் திரும்பவும் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

1. சாக்குக் கட்டிய சிக்னல்

கொட்டாஞ்சேனையில் எனக்குக் கராஜ் இருப்பது உங்களுக்குத் தெரியும். கார் ரேசில் நான் கொடி மார்ஷலாக நின்ற கதை தெரியாது. கராஜில் டிங்கரிங் வேலை செய்த நிசார் மாமாவும் நானும் சோடியாகப் போவோம். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு பேர். முன்னால் ஆபத்து என்றால் ஒருவர் மஞ்சள் கொடியை ஆட்ட வேண்டும். மற்றவர் உதவிக்கு இறங்க வேண்டும். மஞ்சள் ஆடினால் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது, தேவைப்பட்டால் நிற்க ஆயத்தமாக வர வேண்டும். ரேஸ் தொடங்க முன் கூட்டம் வைத்து இதைத்தான் சொல்வார்கள். பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டு நிற்பார்கள்.

அந்த முறை கொழும்பிலேயே வீதியை மறித்து ரேஸ் வைத்தார்கள். எங்கள் வளைவில் இருந்த சிக்னல் விளக்கைச் சாக்கால் மூடிக் கட்டியிருந்தார்கள்.

"இண்டைக்கு நீங்கதான் சிக்னல் அண்ணே. பாத்து, உங்களுக்கும் சாக்குக் கட்டிருவானுங்க" என்று நிசார் மாமா சிரித்தார்.

பின்னேரம் ஒரு கார் சுழன்று மதிலில் அடித்து வீதியின் நடுவில் நின்றது. உள்ளே இருந்தவருக்குக் கதவு திறபடவில்லை. நான் மஞ்சளை ஆட்டினேன். அடுத்து வந்த இரண்டு கார்களும் குறைத்துப் போயின. அதைப் பார்த்துவிட்டுத்தான் நிசார் மாமா இறங்கினார். மூன்றாவது கார் குறைக்கவில்லை. முன்னால் போனவரை முந்துவதற்கு வெளியே எடுத்தது. அதற்கு மேல் எழுத எனக்கு ஏலாது. நிசார் மாமா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

2. ஆஸ்பத்திரி விறாந்தை

அந்தக் காரை ஓட்டியவன் பிரதீப். புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவரின் மகன். அவர்களுடைய லொறிகள் எல்லாம் என் கராஜுக்குத்தான் வரும். விறாந்தையில் ரேஸ் உடுப்போடேயே நின்றான்.

"கொடியைக் கண்டனியோ?"

"கண்டனான் அங்கிள்."

"பிறகேன் குறைக்கேல்லை?"

"மஞ்சள் தானே அங்கிள்... சிவப்பு எண்டா நிண்டிருப்பன்."

சிவப்பு விழ முதல் பாய்ந்துவிட வேண்டும் என்று மஞ்சளைக் கண்டதும் மிதிக்கிற பழக்கம். அதை அவன் ரேசில் பழகவில்லை. காலி வீதியில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு நாளும் பழக்கி விட்டிருக்கிறோம்.

3. கராஜுக்கு வந்த தகப்பன்

மரண விசாரணைக்கு முதல் அவனுடைய தகப்பன் வந்தார்.

"ரேஸ் தானே அண்ணை. ஆபத்து எண்டு தெரிஞ்சுதானே எல்லாரும் கையெழுத்து வைக்கினம்?"

"நிசார் ரேசின்ர ஆபத்துக்குத்தான் கையெழுத்து வைச்சவர். கொடியை மதியாத ஆளுக்கு வைக்கேல்லை."

"பெடியன் கொடியைக் காணேல்லை எண்டுதான் லோயர் சொல்லப்போறார். நீங்கள் அந்த விறாந்தைக் கதையை விடுங்கோ."

"அப்ப நிசார் தானாப் போய் விழுந்த மாதிரியெல்லோ வரும்?"

"அவர் போயிட்டார்தானே. அவருக்கு இனி என்ன?"

கையில் ஸ்பனர் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அன்றைக்கே நிசார் மாமாவின் மனைவி பரீனா மாமி கோல் எடுத்தார். கணவனை இழந்து இத்தாவில் இருந்ததால் அவர் வெளியே வருவதில்லை.

"அண்ணே, கோட்டுக்கு எனக்கு வர ஏலா. வாப்பா கண்மண் தெரியாம ரோட்டுல பாஞ்சாராம் எண்டு ஸ்கூல்ல மகனுக்குச் சொல்றாங்களாம். உண்மையா உம்மா எண்டு கேக்கிறான். நான் என்னத்தச் சொல்ல? அங்க நிண்டது நீங்கதானே."

4. புதுக்கடை நீதிமன்றம்

லோயர் நல்ல கெட்டிக்காரர். அது மூடிய வீதி, அங்கே சாதாரண வீதிச் சட்டம் பொருந்தாது என்றார். இறந்தவர் விரும்பி வந்தவர் என்றார். தன் கட்சிக்காரர் கொடியைக் காணவில்லை என்றார். நான் ஒழுங்காக ஆட்டியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

"முன்னால போன ரெண்டு பேரும் கண்டு குறைச்சவை ஐயா. இவரும் கண்டவர். கண்டனான், மஞ்சள் தானே எண்டு என்னட்டைச் சொன்னவர்."

மொழிபெயர்ப்பாளர் அந்த மஞ்சள் தானேயைச் சிங்களத்தில், "கஹ நே" என்றார். அதற்கு மேல் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அங்கே இருந்த எல்லோரும் கொழும்பில் வாகனம் ஓட்டுகிறவர்கள். பிரதீப் தலையைக் குனிந்துகொண்டான். இல்லை என்று அவன் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நல்ல பிள்ளைதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நிசார் மாமா தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தார், ஓட்டுநரின் கவனயீனமே மரணத்துக்குக் காரணம் என்று நீதவான் சொன்னார். பிறகு வழக்கு இழுபட்டு இழுபட்டு, பிரதீப்பின் லைசன்ஸ் போனது. ஒத்திவைத்த சிறைத் தண்டனை கிடைத்தது. வீதி மூடியிருந்தாலும் ஓட்டுகிறவரின் பொறுப்புக்கு மூடி இல்லை என்பது அவனுக்கு அங்கேதான் விளங்கியது. அந்த லொறிகள் அதற்குப் பிறகு என் கராஜுக்கு வரவில்லை.

விசாரணை முடிந்த அன்றைக்குப் படியில் நின்றே பரீனா மாமிக்குக் கோல் எடுத்தேன். "வாப்பாட பிழை இல்லயாம்" என்று அவர் மகனிடம் சொல்வது கேட்டது. மகன் போனை வாங்கினான்.

"அப்ப அவர் ஏன் அங்கிள் ஸ்லோ பண்ணல்ல?"

மஞ்சள் தானே என்றா அந்தப் பிள்ளைக்குச் சொல்வது?

மூடின ரோட்டுத்தானே, ரேஸ் தானே, கையெழுத்து வைத்தவர்தானே என்று ஆளாளுக்கு ஒரு தானே வைத்திருந்தார்கள். அங்க நிண்டது நீங்கதானே என்று பரீனா மாமி எனக்குச் சொன்ன தானே ஒன்றுதான் சரியானது. நாளைக்கு ஸ்டியரிங் உங்கள் கைக்கு வரும். பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிப்பான். அடிக்கட்டும். ஓட்டுகிறது நீங்கள்தானே.